வெயிலில் வைத்த மருந்து

அலுமினியத் தாள் சுற்றிய அந்தக் கண்ணாடிப் போத்தல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே இருந்தது அப்சிசிக் அமிலக் கரைசல். அதைக் கலக்கிக் கொடுத்த ஆய்வக உதவியாளர், மருந்து என்றுதான் சொல்வார். நாங்கள் அவரை அங்கிள் என்போம். மண் காயத் தொடங்கினால் நாற்றுக்குள் தானாகவே கூடும் ஹார்மோன் அது. கூடியதும் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும். தண்டின் வளர்ச்சி அடங்கும். வேர் மட்டும் ஈரம் தேடிக் கீழே போகும். அதை முன்கூட்டியே தெளித்தால் மிளகாய் நாற்று வறட்சியை இன்னும் சில நாள் தாங்குமா என்பதுதான் என் முதுகலை ஆய்வு.

அப்போது பிரிக்பீல்ட்சில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். சில நாட்களில் நான் கேட்கும் ஒரே குரல் அங்கிளுடையது. கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது என்று அறியக் காலையில் ஒவ்வொரு தொட்டியாக எடை போடுவோம். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பேச்சு அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மருந்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கத் தாளை உரித்தேன். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போத்தலைச் சன்னலோர மேசையில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வெயில் பட்டால் அந்த அமிலம் வீரியம் இழக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது போத்தல் வெயிலிலேயே நின்றது. புதிதாகக் கலக்கச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். யாரும் வருவதற்குள் தாளைச் சுற்றிவைத்தேன். கெட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே தெளித்தேன்.

தண்ணீரை நிறுத்தியதும் மருந்து தெளித்த நாற்றுகளும் தெளிக்காதவையும் ஒன்றுபோலத் துவண்டன. பேராசிரியர் அங்கிளைக் கூப்பிட்டு, கலக்கியதில் அளவு தவறிவிட்டது என்றார். அங்கிள் இல்லை என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். படிப்புக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை.

கடைசி நாளன்று அவரை அழைத்துப்போக அவர் மனைவி வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரால உன் படிப்புக்குச் சிரமமாப் போச்சு, மனசுல வச்சிக்காதம்மா" என்றார். நான் தலையாட்டினேன். அதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

இப்போது எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. தராசே எடையைக் கணினியில் பதிந்துகொள்கிறது. நாள் முழுக்க யாரும் எனக்கு எண் சொல்வதில்லை. கிள்ளான் ரயிலுக்காக நின்று, ஏறாமல் எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன். போன மாதம்தான் போனேன்.

அங்கிள் வீட்டில் தனியாக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அன்னைக்கே தெரியும்மா. நான் கலக்குனது எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

பிறகு சுவரில் மாலை போட்டிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார்.

"ஆன்டி இருக்கும்போது வந்திருக்கலாம்லா. என் மேல தப்பில்லன்னு நான் சொன்னப்ப அவ நம்பல."