கேசட்டுக்குள் நாலு அக்காமார்

செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பா ஃபிட்டராக இருந்தபோது அவருடன் வேலை செய்த மலாய்க்காரர் ஒருவரின் தம்பி ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்த கேசட் ஒன்று ஒரு நாள் அப்பாவின் சட்டைப்பையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. உறையில் படம் கிடையாது. பேனாவால் எழுதியிருந்த குழுவின் பெயரும் வேர்வையில் பாதி கரைந்திருந்தது. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது.

அதுவரை, கேசட் போடும் வசதியிருந்தும், எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டி தமிழ்ச் செய்திக்கும் நேயர் விருப்பத்துக்கும் மட்டுமே வாயைத் திறக்கும். அன்று அப்பா குளிக்கக்கூடப் போகவில்லை. கேசட்டைப் போட்டுவிட்டு அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கிட்டார் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒரு பெண் பாடத் தொடங்கினாள். தொண்டையை மணல் போட்டுத் தேய்த்ததுபோல் கரகரத்த குரல். அடுத்த பாட்டுக்கு வேறொருத்தி வந்தாள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாடியில் நின்று பாடுகிறவர்களைப்போல அவளுடையது மெல்லிய, உயரமான குரல். மூன்றாமவள் மிட்டாய் கேட்கும் பிள்ளைபோல் சிணுங்கினாள். நான்காமவள் பாடவே இல்லை, கத்தினாள். அந்தக் கத்தலில் என் கையிலிருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது.

பாட்டெல்லாம் ஆங்கிலம். எனக்குப் பாதி புரியவில்லை, அம்மாவுக்கு முழுவதுமே புரியவில்லை. ஆனாலும் நான் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டேன். கரகர அக்கா, பூசை அக்கா, சிணுங்கல் அக்கா, பேய் அக்கா. எனக்குப் பிடித்தவள் பேய் அக்காதான். அவளைப்போல் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசல் நடைபாதையில் நின்று கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைச் சாத்திக்கொள்ளும் வரைக்கும் கத்தினேன்.

அப்பா அந்தக் கேசட்டைச் சும்மா கேட்கவில்லை. நல்ல இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரலைத் தூக்கி, எங்கள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். அந்த இடம் வந்ததும், தானே அதைச் செய்து வைத்தவர்போல எங்கள் முகத்தைப் பார்ப்பார். வேலை விட்டதும் காப்பிக் கடையில் நிற்காமல் நேரே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அதில் அம்மாவுக்கு ஏகத் திருப்தி.

“என்னங்க, உங்க நாலு சம்சாரமும் பாடி முடிச்சாச்சா? சோறு போடவா?” என்று சமையலறையிலிருந்து கேட்பாள்.

அப்பா சிரிப்பார். பேய்ச் சம்சாரத்துக்கு இன்றைக்கு என்ன கோபம், சிணுங்கல் சம்சாரத்துக்கு யாராவது பால் கொடுத்தார்களா என்று அம்மா விசாரிப்பாள். அவ்வளவு வேடிக்கையாக அவள் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. வீடே கலகலவென்று இருந்தது.

சில மாதங்கள் கழித்து, அந்தக் குழு பக்கத்துச் சமூக மன்றத்தில் கச்சேரி செய்யப் போவதாக அப்பா செய்தி கொண்டுவந்தார். தன் சக்களத்திகள் நாலு பேரையும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்று சொல்லி அம்மாவும் கிளம்பினாள். மாதா திருநாளுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

கூடைப்பந்துத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். ஐந்து ஆண்கள் ஏறினார்கள். நீள முடி வைத்திருந்தால் அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்றிருந்த காலம். ஆகவே முடியைச் சட்டைக் காலருக்குள் செருகியிருந்தார்கள். அவர்கள் பின்னால் ஒரு பெண் வந்தாள். குள்ளமானவள், காற்சட்டை போட்டவள், என் வகுப்பு டீச்சரைவிட இளையவள். முதலில் கரகர அக்காவாகப் பாடினாள். சரி, இவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பாட்டுக்கு அவள் மேடையைவிட்டு இறங்கவில்லை. அதே வாயிலிருந்து பூசை அக்காவின் குரல் வந்தது.

திரைக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எக்கி எக்கிப் பார்த்தேன். யாரையும் காணோம். பேய் அக்காவின் கத்தலும் அவள் வாயிலிருந்தே வந்தபோது எனக்கு அழுகை முட்டியது. மற்ற அக்காக்கள் எப்போது வருவார்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

அப்பா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மத்தவங்க யாரும் இல்ல, பாப்பா. எல்லாம் இவ ஒருத்திதான். நாந்தான் அந்தக் கல்யாணத்துலயே பாத்தேனே.”

அவர் சொன்னது, தன்னுடன் வேலை செய்த அந்த மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தை; அங்கே இந்தக் குழு பாடியிருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்ததால் அப்பா மட்டும் போய் வந்தார். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டபோது பிரியாணி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னது எனக்கும் நினைவிருந்தது.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“நான் நாலு நாலுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீ கேக்கல லா. சிரிச்சுக்கிட்டுதான இருந்த.”

அம்மா மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எல்லோரையும்போலக் கை தட்டினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா முன் இருக்கையில் தனியாக இருந்தார். அவர் விரல்கள் மட்டும் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தன.

மறுநாள் அப்பா கேசட்டைப் போட்டபோது சமையலறையிலிருந்து கேலி வரவில்லை. சோறு எடுத்து வைத்திருக்கிறேன் என்ற தகவல் மட்டும் வந்தது. அப்பா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அதற்கடுத்த நாட்களில் இன்னும் குறைத்தார். பிறகு போடுவதையே விட்டுவிட்டார். காப்பிக் கடைக்கு மறுபடியும் போக ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு சம்சாரம் இருந்தபோது சிரித்த அம்மா, மூன்று பேர் குறைந்து ஒருத்தி ஆனதும் ஏன் வாடிப்போக வேண்டும்? எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அது பொருந்தவில்லை. கடைசியில், என்னைப்போலவே அவளுக்கும் மூன்று அக்காக்களை இழந்த வருத்தம் என்று முடிவு கட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் போய் ஆறுதல் சொன்னேன்.

“நாம நாலு பேருன்னே வச்சுக்கலாம்மா.”

அவள் வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

ஒரு மத்தியானம் பள்ளிவிட்டு வந்தபோது நடைபாதையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். உள்ளே அம்மா, அப்பா உட்காரும் இடத்தில் அவரைப்போலவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பூசைக் குரல் மேலே போய்க்கொண்டே இருந்து, சட்டென்று கரகரப்பாகிவிடும் இடம் அது. நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடியும் போடுவாள்.

“இங்கதான் மாறுறா,” என்றாள், என்னைப் பார்க்காமலே. “மூச்சுகூட விடல.”

குரலில் கோபம் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எவ்வளவு கேட்டும் அந்த ஒட்டு எனக்குப் பிடிபடவில்லை. அம்மா பெட்டியை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“நான் பேசுனா எப்படி இருக்கும்? எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கா?”

நான் உண்மையிலேயே யோசித்தேன். காலையில் என்னை எழுப்பும் குரல், ஜெபம் சொல்லும் குரல், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். எத்தனை பேர் இரைச்சலுக்கு நடுவிலும் அது அம்மாதான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

“ஆமாம்மா,” என்றேன் சந்தோஷமாக. “எப்பவும் ஒரே மாதிரிதான்.”

அம்மா சரி என்று எழுந்து போனாள். எனக்குச் சோறு போட்டு, அப்பாவுக்கு எடுத்து வைத்திருந்த பொரித்த மீனையும் என் தட்டிலேயே வைத்தாள். நல்ல பதிலாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, முள் எடுத்துச் சாப்பிட்டேன்.