இனிஷியல் இல்லாத ஸ்கேல்

கோதண்டராமனுக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் எதைக் கேட்டாலும் முதலில் "செஞ்சிடலாம்" என்று சொல்லிவிடுவான். எப்படிச் செய்வது என்பதை அப்புறம்தான் யோசிப்பான். கல்யாணத்தையும் அப்படித்தான் பண்ணிக்கொண்டான் என்று அவன் மனைவி வீணா சொல்வாள். எனக்கு அவனை ஏழெட்டு வருஷமாகத் தெரியும். அவனைத் திட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதில்லை. அவன் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்ததும் இல்லை.

அவன் பிறந்தது நீலசந்திராவில். அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். தமிழ், கன்னடம், உருது மூன்றும் அவர் கையில் முத்து முத்தாக விழும். மகனுக்கு அந்தக் கை வந்தது, பொறுமை வரவில்லை. பத்தாவது முடித்த கையோடு பொம்மசந்திராவில் ஓர் அலுமினியக் குழாய்க் கம்பெனியில் கட்டிங் மெஷினுக்குப் போனான். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். வெட்டின துண்டுகள் தொட்டியில் விழும்போது ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் கத்தும். வருஷக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு ஒரு நாள் சிரிப்பு வந்துவிட்டதாம்.

"சம்பளமும் குடுத்து கச்சேரியும் கேக்க வெக்கிறான்க்கா" என்றான் என்னிடம்.

நான் மௌரீன். சிவாஜிநகரில் பிறந்து சிவாஜிநகரிலேயே கிழவியாகிக்கொண்டிருப்பவள். சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தே தொண்டை தேய்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைக்கு மேலே வீடு. மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் எங்கள் கூட்டம். கூட்டம் என்றால் முதலில் நானும் சஹானாவும் மட்டும்தான். சஹானா பெல்லந்தூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கன்னடத்துப் பெண். பழகிப் பழகித் தமிழும் பேசுவாள்.

எங்கள் பைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் ஒரு ஸ-வுக்கும் அடுத்த ஸ-வுக்கும் நடுவே பன்னிரண்டு படி. நாங்கள் அதே தூரத்தை இருபத்திரண்டு சமமான படிகளாக வெட்டுகிறோம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்த சுரமெல்லாம் வெளியே வந்துவிடும். சாஸ்திரத்திலேயே இருபத்திரண்டு சுருதி உண்டே என்பீர்கள். அந்தச் சுருதிகள் ஒன்றுக்கொன்று சமமில்லை. எங்களுடையது கேக் வெட்டுகிற மாதிரி ஒரே அளவு. இது மகாபாவம் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன வித்வான்கள் உண்டு. அவர்களுக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இந்தச் சுரங்களை வாசிக்கக் குழாய் வேண்டுமென்று சஹானா அந்தக் கம்பெனிக்குச் சொல்லியிருந்தாள். இத்தனை சின்ன ஆர்டரா என்று அவர்கள் இழுத்தடிக்க, வெட்டினவனே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். மாடிக்குத் தூக்கி வந்து வைத்தான். சாவியால் ஒரு குழாயைத் தட்டினான். அடுத்ததைத் தட்டினான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்து போகவில்லை.

அப்போது எங்களுக்குப் பெரிய தலைவலி பெயர் வைப்பது. இருபத்திரண்டிலிருந்து ஐந்தையோ ஏழையோ பொறுக்கி எடுத்தால் ஒரு ஸ்கேல். ராகம் என்று சொல்ல மாட்டோம், சண்டை வரும். அதே குழாய்களை வைத்துக்கொண்டு, முதல் குழாயை விட்டு இரண்டாவதை ஸ என்று வைத்து ஆரம்பித்தால் வேறொரு ஸ்கேல் பிறக்கும். சுரம் அதேதான், குணமே வேறு. இப்படிப் பிறந்து பிறந்து மாடி முழுக்கச் சொந்தக்காரர்கள். சஹானா எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டாள். நான் புனிதர்களின் பெயர் வைத்தேன். ஒரு நாள் அவள் நானூற்றுப் பதினேழுதான் உசத்தி என்றாள், நான் அந்தோணியார்தான் உசத்தி என்றேன். காரசாரமாகப் பேசி முடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஸ்கேல்.

கோதண்டராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எதுக்கு அடிச்சிக்கிறீங்க? மனுசனுக்கு வெக்கிற மாதிரி வெச்சா முடிஞ்சுது. மொதல்ல கெடைக்கிற ஸ்கேலு தாய். அதுக்கு ஒரு பேரு. அதே குழாய்ல வேற எடத்துல ஆரம்பிக்கிறதெல்லாம் அதோட புள்ளைங்க. புள்ளைக்குத் தனிப் பேரு, முன்னால தாயோட இனிஷியலு. இனிஷியலப் பாத்தாலே எந்த வூடுன்னு தெரிஞ்சிடும்."

"அப்பாது இனிஷியல் பேடவா அங்கிள், வேணாமா?" என்றாள் சஹானா.

"ஸ்கேலுக்கு ஏதும்மா அப்பா? தாய் ராகம்னுதான ஊரே சொல்லுது?"

பெயர் வைக்கும் சட்டம் அன்றைக்கே பிறந்தது. நான் இன்னொன்றைச் சேர்த்தேன். புதுசாக ஒன்று கிடைத்தால் உடனே பெயர் வைக்கக் கூடாது. அதன் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஆரம்பித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற தாய்க்குப் பிறந்ததாக இருந்தால் இனிஷியல். யாருக்கும் பிறக்காததாக இருந்தால் மட்டும் தனிப் பெயர். சுற்றிப் பார்க்காமல் என் மாடியில் யாரும் பெயிண்ட் டப்பாவைத் திறக்க முடியாது.

கோதண்டராமனுக்குக் கிடைத்த முதல் தாய்க்கு அவன் வைத்த பெயர் சொர்ணம். அவன் மாமியார். குழாய்களைக் கட்டித் தொங்கவிடச் சட்டம் இல்லாமல் அவன் அல்லாடியபோது, தன் இரும்புக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டவள். ஓசூர் ரோடில் கார்மெண்ட்ஸில் காஜா எடுத்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். மருமகன் ஸ்கேலுக்குத் தன் பெயரை வைத்திருக்கிறான் என்று கேட்டதும், "எம் பேர்ல ஒரு சொம்புகூடக் கெடையாது, சத்தம் இருக்குதா மாப்ளே?" என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

வீணா வெட்கப்படவில்லை. அவள் பஸ் கண்டக்டர். இடுப்பில் கை வைத்தால் நெரிசலே வழிவிடும்.

"எங்கம்மாவுக்கு ஸ்கேலு. எனக்கு?"

"செஞ்சிடலாம்."

"எனக்கு வெக்கிறதுல எந்த இனிஷியலும் இருக்கக் கூடாது. வெறும் வீணா."

"செஞ்சிடலாம்."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் 'ஆர். வீணா' என்று இருக்கும். ஆர் என்றால் ராஜமாணிக்கம். அவள் தவழும்போது, ஓசூர் வரைக்கும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். முகம்கூட அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட எழுத்து, சர்டிபிகேட், வேலை என்று கூடவே வந்துவிட்டது. "தெனம் காலையில அந்த ஆள நெஞ்சில குத்திக்கினு டியூட்டிக்குப் போறேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்துக்குள் ஸ்கேல் வந்துவிடும் என்று கோதண்டராமன் வாக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு பாவம், அலைந்தான். கிடைத்ததெல்லாம் யாரோ ஒரு தாய்க்குப் பிறந்ததாகவே இருந்தது. கடைசியில், கல்யாண நாள் நெருங்கிய சமயத்தில், முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான். கிடைத்துவிட்டதாம். ஐந்து சுரம். தடித்த குழாய், தணிந்த ஸ, புத்தம் புதுச் சட்டம். யாருக்கும் காட்ட மாட்டானாம்; விழா அன்றைக்குத்தான் திறப்பானாம்.

"சுத்திப் பாத்தியா மேன்?" என்று கேட்டேன்.

"ஆச்சுக்கா" என்றான். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

விழாவும் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. பட்டாணி புலாவ் நான், கேசரி சொர்ணம். சஹானா மாடி முழுக்கச் சாமந்திச் சரம் தொங்கவிட்டிருந்தாள். வீணா முதல் ஷிப்ட் முடித்து நேராக வருவதாக இருந்தது. கோதண்டராமன் சட்டத்தின் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்தான். குறுக்குக் கம்பியில் சிவப்பு எனாமலில் 'வீணா' என்று எழுதியிருந்தான். அப்பாவின் கை. கம்பியின் இடது ஓரத்தை ஒட்டியே வீ ஆரம்பித்தது. முன்னால் எதுவும் வரப்போவதில்லை என்ற தைரியம்.

"கை பழகிக்கிறேன்க்கா" என்று மெல்ல வாசிக்க ஆரம்பித்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. துள்ளித் துள்ளி ஏறியது, இறங்கும்போது ஓரிடத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. நான் கரண்டியோடு நின்று கூடவே முனகினேன். முனகிக்கொண்டே போன என் குரல், அவன் ஸ-வில் போய் உட்காராமல் வேறொரு குழாயில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் சொந்த வீடு மாதிரி இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவன் குழாய்களுக்கு நடுவே இருந்த படிகளை எண்ணினேன். நாலு, ஆறு, மூன்று, நாலு, ஐந்து. என் குரல் உட்கார்ந்த குழாயிலிருந்து மறுபடி எண்ணினேன். நாலு, ஐந்து, நாலு, ஆறு, மூன்று. கட்டில் சட்டத்தில் தொங்குகிற அதே படிகள்.

சொர்ணம்.

அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சஹானாவும் பின்னாலேயே வந்தாள். "நீ சுத்திப் பாக்கல மேன்" என்றேன். அவன் தலை குனிந்தான்.

"கேட்ட ஒடனே அவ மூஞ்சிதாங்க்கா தெரிஞ்சுது. சுத்திப் பாத்து, ஒருவேள இல்லன்னு ஆயிட்டா... பயமா இருந்துச்சு."

"இவத்து ஒந்து தினா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாம் ஆன்ட்டி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் சஹானா.

"எனக்குத் தெரியுமே!" என்று கத்தினேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் மெதுவாகப் பேச வராது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு கரைந்துவிட்டது. வருஷக்கணக்காகத் தேடி, தடித்த குழாய் வெட்டி, சிவப்பு எனாமலில் எழுதிவைத்துவிட்டு, வெறுங்கையோடு நிற்கிறான். சரி, ஒரு நாள்தானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாங்க்கா" என்றான் அவனே. "இனிஷியல் ரூலு நான் போட்டது. அவளுக்குப் போயி பொய்யா ஒண்ணு குடுக்க மாட்டேன். சொல்லிடறேன்."

வீணா படியேறி வந்தாள். யூனிபார்ம், பேட்ஜ், கழுத்தெல்லாம் வியர்வை. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். விரலால் ஒருமுறை தடவினாள். "இனிஷியலே இல்ல" என்றாள். எனக்கு அடுப்பைப் பார்க்க ஓடிவிடலாமா என்றிருந்தது.

"வீணா, தப்பு நடந்துபோச்சு" என்றான் கோதண்டராமன்.

வாசிக்கும் கோலை எடுத்துக்கொண்டு மூலையில் நின்ற பழைய கட்டில் சட்டத்திடம் போனான். முதல் குழாயிலிருந்து ஆரம்பித்து வாசித்தான். "இது உங்கம்மா" என்றான். பிறகு மூன்றாவது குழாயிலிருந்து ஆரம்பித்தான். அதே கட்டில், அதே குழாய்கள். துள்ளித் துள்ளி ஏறியது. இறங்கும்போது ஓரிடத்தில் நின்று திரும்பிப் பார்த்தது.

"இது நீ. புதுசுன்னு நெனச்சேன். இல்ல. இவங்க கிட்டருந்து பொறந்ததுதான். வெறும் வீணான்னு எழுத முடியாது. இனிஷியல் போட்டுத்தான் ஆவணும். மன்னிச்சுக்கோ."

கீழே பஸ் ஸ்டாண்டில் யாரோ ஆனேக்கல், ஆனேக்கல் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா இனிஷியலு?" என்று கேட்டாள் வீணா.

"சொ. வீணா."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொர்ணம் கேசரிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள் வீணா.

"சொ. வீணா."

"ஆரு எங்க?"

"இந்தக் கணக்குல அப்பாவுக்கு எடமே இல்ல வீணா. நீதான் பாத்தியே, கட்டிலு உங்கம்மாது."

வீணா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சஹானா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அழவில்லை என்று பிறகு சஹானாவிடம் சாதித்தேன், அது பொய். சொர்ணத்துக்கு நான் காதோடு விளக்கிச் சொன்னேன். புரிந்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கட்டிலிடம் போனாள்.

"இதுல எது எம் பொண்ணு, மாப்ளே?"

அவன் மூன்றாவது குழாயைக் காட்டினான். கோலை வாங்கி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சிவாஜிநகர் முழுக்கக் கேட்டிருக்கும்.

வீணா பேட்ஜைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பெயிண்ட் டப்பாவைக் கேட்டாள். கோதண்டராமன் தான் எழுதித் தருவதாகச் சொன்னான், அவள் விடவில்லை. கம்பியில் வீ-க்கு முன்னால் ஒரு விரல் இடம்கூட இல்லை. அதனால் சட்டத்தின் இடது காலில், கொஞ்சம் கோணலாக, தன் கையாலேயே 'சொ.' என்று எழுதினாள். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

மறுநாளும் பழைய பேட்ஜோடுதான் டியூட்டிக்குப் போனாள். முந்தின நாள் பெயிண்ட் அவள் நகத்தில் இன்னும் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.