வெள்ளை இன்ஜின்

பூதக்கண்ணாடி அக்கா என்று முழுசாகக் கூப்பிட யாருக்கு நேரம் இருக்கிறது? அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பூதக்கா என்று சுருக்கிவிட்டார்கள். அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். நேரில் வெறும் அக்கா.

அவள் வேலை, விமானங்களில் குற்றம் கண்டுபிடிப்பது. முக்கால் சாண் நீளத்து விமானங்கள். நிஜ விமானத்தை நானூறில் ஒரு பங்காகச் சுருக்கி, துத்தநாகக் கலவையில் வார்த்து, பெயிண்ட் அடித்து, எழுத்து அச்சிட்டு, சக்கரம் மாட்டி அவள் மேஜைக்கு அனுப்புவார்கள். பொம்மை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. "பொம்மைன்னா புள்ளைங்க போட்டு உடைக்கிறது. இது மாடல்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தலை நரைத்த ஆண்கள், கண்ணாடி அலமாரியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வாங்குகிறார்கள். கதவின் கோடு மயிரிழை தள்ளியிருந்தால் கம்பெனிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவார்கள். பெண்டாட்டிக்கு நாலு வரி எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஒரு விமானத்துக்கு நாற்பது நொடி. முதலில் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்துவாள். எல்லாச் சக்கரமும் தரையைத் தொட வேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் போச்சு. வாயால் ஊதுவாள், சக்கரம் சுழல வேண்டும். றெக்கை உடம்போடு சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டுவாள், நகம் தட்டக் கூடாது. பிறகுதான் லென்ஸ். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இவளைப் பார்த்துத்தான் சொன்னதாக இருக்க வேண்டும். எள்ளில் பாதிகூட இல்லாத ஜன்னல்கள், ஒரு பக்கத்துக்கு அறுபத்திரண்டு. மை கசிந்து இரண்டு ஜன்னல் ஒட்டிக்கொண்டால் அந்த விமானம் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும்.

சிவப்புத் தட்டுக்குப் போனது தொழிற்சாலையை விட்டு வெளியே போகாது. அது அவளே கொண்டுவந்த சட்டம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கழித்துப்போட்ட விமானங்களை யாரோ கடத்திக்கொண்டுபோய்க் கடைத்தெருவில் விற்று, கம்பெனியின் மானம் கப்பலேறியது. அப்போது மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னாள்: "கழிச்சதைக் கையோட ஒடிச்சிடணும். கழிக்கிறவங்களே ஒடிக்கணும். யாருக்கும் சலுகை கூடாது." அன்றிலிருந்து சாயங்காலமானால் குறட்டால் பிடித்து றெக்கைகளை ஒடித்து, உலைக்குப் போகும் தொட்டியில் அவளே போடுவாள். போன வருஷம் பசை ஒட்டுகிற பெண் ஒருத்தி, மகனுக்குப் பிறந்தநாள், ஒன்றே ஒன்று கொடுங்கள் அக்கா என்று கெஞ்சினாள். அவள் கண்ணெதிரிலேயே ஒடித்துப் போட்டாள் மகராசி.

"குற்றம் பாக்கில் சுற்றம் இல்லக்கா" என்று அந்தப் பெண் முகம் சிவந்து சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பூதக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அந்தப் பழமொழி அன்று அவளோடு பஸ் ஏறி வீடுவரை வந்துவிட்டது.

வீட்டில் சுற்றம் என்று யார் இருக்கிறார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஒரே மகள். அவள் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்ப் பதினொரு வருஷம். ஒரு தடவைகூட வரவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்கே குளிரா, சரி வைக்கட்டுமா. ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்காக அவள் ஒன்பது மணிக்கே தலை வாரி உட்கார்ந்திருப்பாள், போனில் தலை தெரியாது என்று தெரிந்தும்.

காரணம் இல்லாமல் இல்லை. போக வேண்டாம் என்று அம்மாக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். போவேன் என்று மகள் நின்றாள். விமான நிலைய வாசலில் மகள் கட்டிக்கொள்ள வந்தபோது, "போ, லேட் ஆகுது" என்று சொல்லித் திரும்பி நடந்துவிட்டாள். முகம் உடைந்துகொண்டிருந்தது, அதை மகள் பார்க்கக் கூடாது என்ற வீம்பு. மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டேவிட்டாள்: "அன்னிக்கு நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ ஒரு தடவைகூடப் பாக்கலியேம்மா." அதற்கு இவள் சொன்ன பதில், "வேலை இருந்துச்சு."

பொய். பச்சைப் பொய். மகள் உள்ளே போனதும் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடிக்கு ஏறினாள். மூன்று மணி நேரம் வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து திருப்பியபோது இடது பக்கம் முழுசாகத் தெரிந்தது. எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் கையாட்டினாள். வேலைப் பழக்கம் எங்கே போகும்? அழுதுகொண்டே வால்பக்கத்துப் பதிவெழுத்தைப் படித்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டாள். நீல விமானம், நீல இன்ஜின்கள். இடது இன்ஜின் மட்டும் வெள்ளை. பழுதாகி வேறெங்கிருந்தோ இரவல் வாங்கி மாட்டியிருப்பார்கள்.

இதை மகளிடம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நாக்கு எழவில்லை. ஒரு புள்ளி பிசகினால் கழிக்கிறவள், தன் வாயிலிருந்து போன ஒரு பொய்யைத் திருத்தாமல் எட்டு வருஷம் விட்டுவைத்திருந்தாள். இனி சொன்னால் கதை கட்டுகிறாள் என்று நினைப்பாளோ என்ற பயம் வேறு. மகள் ஒரே ஒரு தடவை மனசு விட்டுப் பேசமாட்டாளா என்ற ஏக்கம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. நீல விமானம், நானூறு. முதல் விமானத்தின் வாலில் லென்ஸை வைத்துப் பதிவெழுத்தைப் படித்தாள். அதே எழுத்து. லென்ஸ் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பழைய சீட்டை எடுத்து ஒத்துப் பார்த்தாள். அதேதான். ஆனால் வாடிக்கையாளர் கொடுத்த போட்டோ வேறு நாளில் எடுத்தது. இரண்டு இன்ஜினும் நீலம். எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. நன்றாக வந்தவற்றைப் பச்சைத் தட்டில் வைத்துக்கொண்டே போனாள். இது அவள் மகளைக் கொண்டுபோன விமானம்தான், ஆனாலும் முழுசாக அது இல்லை.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில், நூற்றெண்பத்து மூன்றாவது விமானத்தை நிறுத்தியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது இன்ஜின் வெள்ளை. பக்கத்து மேஜையில் வேறொரு கம்பெனிக்காக வெள்ளை இன்ஜின்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று தட்டு மாறிவிட்டது, கவனிக்காமல் ஒட்டிவிட்டார்கள். நிலக்கடலை அளவுத் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு கழிக்க வேண்டிய தப்பு. நானூறில் இது ஒன்றுதான் சரி என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சூப்பர்வைசர் தட்டுகளை எண்ண வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"தம்பி, இந்த ஒண்ணை நான் எடுத்துக்கட்டுமா?"

அவர் காதை நம்பாமல் பார்த்தார். "யாரு, நீங்களா கேக்கறீங்க?"

"என் பொண்ணு போன ப்ளேன் இது."

சூப்பர்வைசர் கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் இப்ப பெயிண்ட் ரூம் காத்துக் குழாய் வால்வை மூடப் போறேன்க்கா. திரும்பி வர அஞ்சு நிமிஷம் ஆகும். தட்டுல எத்தனை இருந்துச்சுன்னு நான் இன்னும் எண்ணல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நல்ல மனுஷன். ஐந்து நிமிஷமும் அவள் விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் வைத்தும் பார்த்தாள். நிமிர்ந்தபோது பசை ஒட்டுகிற பெண் கை கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் பூதக்காவுக்கு அந்தப் பிறந்தநாள் ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசமா? பையைத் திறந்து விமானத்தை எடுத்தாள். வலது றெக்கையை முதலில் ஒடித்தாள். இடதை ஒடிக்கத்தான் நேரமானது. திரும்பி வந்த சூப்பர்வைசர் தொட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"உன் ப்ளேனை ஒடிச்சிட்டேன்டி" என்றாள். சொல்ல நினைத்து வைத்ததல்ல. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"என்னது?"

"நீ போன ப்ளேன் மாடலா வந்துச்சு. நானூறும் தப்பு. ஒண்ணுல மட்டும் இடது இன்ஜின் வெள்ளையா இருந்துச்சு. அது ஒண்ணுதான் சரி. அதை நானே ஒடிச்சுப் போட்டுட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா." மகளின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அது வெள்ளைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இவள் வாரிய தலையை மறுபடி ஒதுக்கிக்கொண்டாள்.

"நீதான் போயிட்டியே."

"போகல. மாடியில நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது மேல ஏறிக் கண்ணுக்கு மறையற வரைக்கும்."

"வேலை இருந்துச்சுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

மகள் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. "அந்த வெள்ளை இன்ஜினைப் பாத்துக்கிட்டேதாம்மா நான் அழுதேன். என் சீட்டு அந்தப் பக்கம்தான். றெக்கைக்கு முன்னாடி ரெண்டாவது ஜன்னல். கட்டடத்தைப் பாக்கவே இல்ல. அங்க யாரு இருக்கப் போறான்னு நெனச்சேன்."

"நான் இருந்தேன்டி. எல்லா ஜன்னலுக்கும் கையாட்டினேன்."

அன்று போன் ஆறு நிமிஷத்தில் முடியவில்லை. எப்போது வருகிறாய் என்று இவள் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. வைக்கும்போது மட்டும் மகள், "நீ முதல்ல வைம்மா" என்றாள். இவளும் "நீ வை" என்றாள். ரொம்ப நேரம் இருவருமே வைக்கவில்லை.

திங்கள்கிழமை மீதி நீல விமானங்கள் மேஜைக்கு வந்தன. முதலாவதைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தினாள், ஊதினாள், நகத்தை ஓட்டினாள். லென்ஸை எடுத்து இடது றெக்கைக்கு முன்னால் இரண்டாவது ஜன்னலில் வைத்தாள். நாற்பது நொடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

"என்னக்கா, மை கசிஞ்சிருக்கா?" என்று அந்த வழியாக வந்த சூப்பர்வைசர் கேட்டார்.

"இல்ல தம்பி. சுத்தமா இருக்கு."

பச்சைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அன்று வந்த இருநூற்றுப் பதினேழு விமானங்களிலும் அந்த ஒரு ஜன்னலை மட்டும் அவள் இரண்டு தடவை பார்த்தாள்.