தபாலில் படித்த மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குப் பதறாத முகம் வேண்டும், அடங்கிக் கிடக்கும் வாய் வேண்டும். மாஸ்டருக்கு முகம் வாய்த்திருந்தது. வாய்தான் வாய்க்கவில்லை. அதனால்தான் ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் அவர் பி.ஏ. படிக்கும்படி ஆயிற்று.

ஒருநாள் காலை, அப்போதுதான் கல்லூரி முடித்த ஒரு பெண், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். பேச்சுக்குக் கேட்டதுதான். பள்ளிக்கூடத்தோடு சரி என்று சொல்லியிருந்தால் அடுத்த திருப்பம் வருவதற்குள் அவளே மறந்திருப்பாள். ஆனால் மாஸ்டரின் வாய் முந்திக்கொண்டது. "படிச்சிட்டிருக்கேன்மா. சைக்காலஜி. தபால்ல."

எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ஏதோ ஒரு பஸ்ஸின் முதுகில் பார்த்த விளம்பரம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் பயிற்சிப் பள்ளி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதலாளியம்மா கூப்பிட்டுப் பாராட்டினார், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். சொல்வதற்கு ஒன்றுமே நடந்திருக்கவில்லை என்பதை மாஸ்டர் எந்த வாயால் சொல்வார்? அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் எல்லோரும் படித்துவிட்டுப் பெருமை பேசுவார்கள், நான் பெருமை பேசிவிட்டுப் படித்தவன் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

சேர்ந்த விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. அதில் மேஜையைத் திருப்பிப் போட்டார், விளக்கு மாட்டினார், பார்சலில் வந்த புத்தகங்களுக்கெல்லாம் பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டினார். இந்த வேலையே ஒரு மாதம் ஓடியது. கடைசிப் புத்தகத்துக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அட்டை போட்டதுக்கெல்லாம் மார்க் கிடையாதுங்க" என்றாள்.

படிக்க ஆரம்பித்ததும் வேறொரு வியாதி பிடித்தது. முதல் பாடத்தை முடிக்கும் முன்பே மாஸ்டருக்குப் பார்க்கிறவர்கள் மனசெல்லாம் கண்ணாடிப் பெட்டியாகத் தெரிந்தது. கறிகாய்க்காரருக்குத் தாழ்வு மனப்பான்மை என்றார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பது சின்ன வயசுப் பிரச்சினை என்றார். மனைவி ஏதாவது கோபமாகச் சொன்னால், அது தன்மேல் உள்ள கோபமல்ல, வேறெங்கோ பட்டதை இங்கே இறக்கி வைக்கிறாள் என்று அவளிடமே விளக்கினார். சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற மனநிலைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று அவள் கேட்டாள். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வண்டியிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிளட்சை விடப் பயந்த ஒரு வங்கி ஊழியரிடம், இந்தப் பயம் உண்மையில் உங்கள் அப்பாவைப் பற்றிய பயம் என்று எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் அப்பாவை நினைத்துக்கொண்டே காலை எடுத்தார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளிக் குப்பைத் தொட்டியில் போய் முட்டி நின்றது. இனிமேல் வண்டிக்குள் வண்டியைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று முதலாளியம்மா கேட்டுக்கொண்டார்.

இணையவழி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். மாஸ்டர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக போன் முன்னால் உட்காருவார். ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தம்மா ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றாங்க. ரெண்டாவது தடவை புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, மூணாவதுல அதுவும் போச்சு" என்று குரல் கொடுத்தார். மைக் திறந்திருந்தது. பேராசிரியை, யாருக்கோ புரியவில்லையாம், நாலாவது தடவையும் சொல்கிறேன் என்று அமைதியாக ஆரம்பித்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த முகங்களெல்லாம் சிரிப்பை அடக்கிக் குலுங்கின. நாலாவது தடவை நன்றாகவே புரிந்தது என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

இவ்வளவுக்கும் அவருக்கு எமனாக வந்தது புள்ளியியல். மனசைப் படிக்கச் சேர்ந்த இடத்தில் எண்களுக்கு என்ன வேலை என்று முதல் பக்கத்திலேயே மனம் கசந்துவிட்டது. வீட்டிலேயே கணக்கு டீச்சர் இருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் காலையில் அவளுக்குத் தன்முனைப்பைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு மாலையில் சராசரி என்றால் என்ன என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

புள்ளியியல் தேர்வு அறையில் அவருடைய வலது கால்தான் மானத்தை வாங்கியது. பயிற்சி வண்டியில் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்று தெரிந்தால் கால் தானாக அதை மிதிக்கும். வினாத்தாளைப் புரட்டியதும் கால் தரையை ஓங்கி மிதித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிதி. கண்காணிப்பாளர் அருகே வந்து, காலில் ஏதாவது உபாதையா, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு, விடைத்தாளில் தன் பதிவெண்ணை மட்டும் மிக அழகாக எழுதினார்.

மற்றப் பாடங்களிலெல்லாம் தேறிவிட்டார். புள்ளியியலில் மண்ணைக் கவ்வினார். தற்செயலாகத் தவறினேன் என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லாத மதிப்பெண். அட்டை போட்ட புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். வயதான காலத்தில் எதற்கு இந்த வீண் வேலை என்று ஒருநாள் பூராவும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஒரு நர்ஸம்மா வண்டி பழகிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எவ்வளவு ரத்தத்தைப் பார்த்தாலும் அசையாதவர், ரிவர்ஸ் கியரைத் தொட்டால் வெலவெலத்துப் போவார். லைசென்ஸ் பரீட்சையில் அவர் தோற்காத தடவை இல்லை. ஒவ்வொரு முறையும் மாஸ்டர், "விழுறது தப்பில்லம்மா, எழுந்திரிக்காம இருக்கிறதுதான் தப்பு" என்று தேற்றுவார். அது அவருடைய ராசியான வாக்கியம். அழுகிறவர்கள்கூட அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நர்ஸம்மா மறுபடி தோற்ற மறுநாள், வழக்கம்போல நேரத்துக்கு வந்து இருக்கையைச் சரிசெய்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மாஸ்டர் வாயைத் திறந்தார். "விழுறது தப்பில்ல..." என்று ஆரம்பித்தவருக்குப் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அலமாரியின் மேல்தட்டு கண்முன் வந்து நின்றது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அவருக்காகவே சொல்லி வைத்தது போலிருந்தது.

"என்ன மாஸ்டர், பாதியில நிறுத்திட்டீங்க?"

"நானும் ஃபெயில்மா" என்றார் மாஸ்டர். யாரிடமும் சொல்லாததை ஏன் அங்கே சொன்னார் என்று தெரியவில்லை.

நர்ஸம்மா எந்தப் பாடம் என்று கேட்டார். சொன்னதும், "எனக்கு ரிவர்ஸ், உங்களுக்கு அது. சரி, இன்னைக்கு ரிவர்ஸ்லேருந்தே ஆரம்பிப்போமா?" என்றபடி கியரைப் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் நேராக நாற்காலியைப் போட்டு ஏறினார். புள்ளியியல் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் வைத்தார்.

"எனக்கு இது சுத்தமா புரியலை. சொல்லித் தர்றியா?"

அவள் பேனாவை மூடினாள். "இதைக் கேக்க இவ்வளவு நாளா?" என்றாள். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து முதல் பாடத்தைப் பிரித்தாள். அவர் எதிர்பார்த்து வந்த திட்டுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று.

ஆனால் படிப்பது ஒன்றும் சுகமாக இல்லை. மாஸ்டர் கணக்குப் போடுவார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். தப்பு வரப்போகிறது என்றால் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், மூச்சை மெல்ல இழுப்பாள். அந்தச் சத்தத்திலேயே அவர் சரியாக எழுதியதையும் சேர்த்து அடித்துவிடுவார். "பயப்படாதீங்க, நான் பக்கத்துலதானே இருக்கேன்" என்பாள். பக்கத்தில் இருப்பதுதான் பயமே. இத்தனை வருஷமாக இதே வாக்கியத்தை, இதே குரலில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களில் ஒருவர்கூட வண்டியை நிறுத்திவிட்டுத் தன்னை இறக்கிவிடாதது அவர்களுடைய பெருந்தன்மை. அதற்குப் பிறகு வண்டியில் அவர் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். "பயமா இருக்கா? இருக்கட்டும். ஓட்டுங்க" என்பதோடு சரி.

நர்ஸம்மா அவருக்கு முன்னால் தேறினார். லைசென்ஸ் வாங்கிய வாரமே ஆஸ்பத்திரி கேட்டில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டு, அதைப் பெருமையாக வந்து சொல்லிவிட்டும் போனார். மாஸ்டர் இரண்டாவது முயற்சியிலும் தவறி, அதற்கடுத்ததில் மயிரிழையில் கரையேறினார். மூன்று வருஷப் படிப்பு இழுத்து இழுத்து ஐந்தாயிற்று. நடுவில் ஒரு முறை பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். புத்தகங்களுக்கு மறுபடி அட்டை போட வேண்டியிருந்தது. இந்த முறை போடவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கு லைசென்ஸ் பரீட்சை இருந்தது. சான்றிதழும் தபாலில்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, அழுக்காகாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், கடைக்காரர் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது, எவ்வளவு அடக்கமாகச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

கடைக்காரர் சான்றிதழை ஒரு பார்வை பார்த்தார், மாஸ்டரின் நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"பையனோடதா சார்?"

மாஸ்டருக்குப் பையனே கிடையாது. ஆனால் வாய் இத்தனை படிப்புக்குப் பிறகும் திருந்தியிருக்கவில்லை.

"ஆமா" என்றார்.

"நல்லா படிப்பானா?"

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார்.

"சுமார்தான்" என்றார்.