யாருடா வாரீங்க கூட

நம்பாதவர்கள் ஆவூர்ப் பக்கம் போய் மரிய செல்வியையே கேட்டுக்கொள்ளுங்கள். கதை கட்டுகிற ஆளில்லை அவள். அதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்?

அன்று கல்லறைத் திருநாள். காலையிலிருந்து கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்த்து, கால் இரண்டும் விட்டுப்போயிருந்தது. ஆனாலும் கொழுந்தன் சூசைமாணிக்கத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றாமல் வீட்டுக்குப் போக மனசு கேட்கவில்லை. முந்தைய வருடம் கீரனூர் ரோட்டில் பைக்கோடு போய்ச் சேர்ந்தவன். காதில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஒரு ராக் இசைப் படத்தின் பாட்டு அது. படத்தைப் புதுக்கோட்டையில் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள், பாட்டுகளை மட்டும் பையன்கள் விடவேயில்லை. தோற்றுப்போன நாலு பேர் தொண்டை கிழியப் பாடுவார்கள். நாள் பூராவும் மிதிபட்டு வந்தவனுக்கு யாரோ தோளில் கை போட்ட மாதிரி இருக்கும். கடைசிப் பாட்டில் டிரம்ஸ் சட்டென்று நிற்கும். பாடுகிறவன் கேட்பான்: “யாருடா வாரீங்க கூட?” கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் “நான் வாரேன்” என்று கத்த வேண்டும். சூசையும் அவன் அண்ணன் ஜஸ்டினும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கத்துவார்கள்.

ஜஸ்டின்தான் செல்வியின் புருஷன். துபாயில் இருக்கிறான். அவளுக்கென்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

செத்தவருக்குப் பிடித்ததைக் கல்லறையில் வைப்பது வழக்கம். மற்றவர்கள் முறுக்கும் பீடியும் வைத்தார்கள். இவள் போனில் அந்தப் பாட்டைப் போட்டுச் சிலுவையடியில் வைத்தாள்.

பொழுது இறங்கியது. தூறல் விழுந்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

டிரம்ஸ் நின்றது. “யாருடா வாரீங்க கூட?”

பதில் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. போனை எடுத்தாள். சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

ஆனால் டிரம்ஸ்...

தட்... தட்... தட்...

காலுக்குக் கீழே கேட்டது.

நின்றது.

“யாருடா வாரீங்க கூட?”

சூசையின் குரல். அதே இழுப்பு.

ஓட நினைத்தாள். கால் வரவில்லை.

பக்கத்திலேயே யாரோ லேசாக இருமினார்கள். கத்துவதற்கு முன்னால் மூச்சை இழுத்தார்கள்.

ஜஸ்டினின் இருமல்...

“ஏங்க... சொல்லாதீங்க.”

பக்கத்தில் இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க எடுக்கவில்லை. விடிந்த பிறகுதான் அவனே கூப்பிட்டான். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

“நல்லாத்தானே இருக்கீங்க?”

“இருக்கேன். நேத்து நைட் டூட்டிக்கு முன்னாடி படுத்திருந்தேன். கனவுல சூசை அந்தப் பாட்டைப் பாடுறான். வாரேன்னு சொல்ல வாயெடுத்தேன், நீ சொல்லாதீங்கன்னே. முழிச்சுக்கிட்டேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பக்கத்துக் கட்டில்ல நிலவழகன்னு ஒரு பையன், நம்ம குளத்தூர்க்காரன். தூக்கத்துலயே ‘நான் வாரேன்’னான். சிரிச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். டூட்டிக்கு எழுப்புனா... ஒடம்பு சில்லுன்னு கெடக்கு, செல்வி.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அவன் பொண்டாட்டி அங்க குளத்தூர்லதான் இருக்கு. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வாரியா?”