ததேயு கொண்டுபோன சாடை

நேற்று எதிர்வீட்டு இரும்பு கேட்டுக்குக் கிரைண்டர் போட்டார்கள். இரும்பு கருகும் வாசனை வந்ததும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டேன். எனக்கு வளைகுடாவில் வேலை பார்த்த முசஃபா ஞாபகம் வந்தால் ததேயுமேல் கோபமும் சேர்ந்தே வரும்.

இரண்டாயிரத்து மூன்றிலிருந்து நாலு வருஷம் அவனும் நானும் ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே ரூம், மேல்கட்டில் கீழ்கட்டில். அவன் வெல்டர், நான் கிரைண்டர். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைச்சாடைதான். காதைத் திருகினால் ஃபோர்மேன் வருகிறான். நெற்றியில் மூன்று விரல் வைத்தால், இன்றைக்கும் பருப்பு.

லீவில் போனவன் திரும்பவில்லை. கேரளத்தில் ஓர் ஆற்றங்கரை சிஸ்டெர்சியன் மடத்தில் துறவியாகச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் போட்டான். அவன் கட்டிலுக்கு வேறு ஆள் வராமல் மூன்று மாதம் சண்டை போட்டுக் காத்தேன். பிறகு என் லீவில் அவனை இழுத்து வரப் போனேன்.

வாசலில் இருந்த சாமியார் வரலாறு சொன்னார். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் பிரான்சில் தொடங்கிய சபையாம். தண்ணீர் பக்கம் மடம் கட்டி, உழைத்துச் சாப்பிடுவார்களாம். விடியுமுன் எழுந்து ஏழு வேளை ஜெபம், நடுவில் மாடு, வயல். பேச்சு குறைவு. எங்கள் லேபர் கேம்ப்பும் அதேதானே? ஆண்கள் மட்டும், ஆளுக்கொரு கட்டில், ஒரு பெட்டி. எங்களை யார் சாமியார் என்றார்கள்?

ததேயு வெள்ளை அங்கியில் வந்தான். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"லேய், நம்ம மொதலாளி கஃபீல்ட்ட பேசியாச்சு. கெளம்பு, யல்லா."

"கலாஸ் மக்கா. நான் வரல்ல. நீயும் இங்க இருந்துக்கோ."

"எனக்க கெட்டுனவளயும் பிள்ளையளயும் யாருடே பாப்பா? ஒனக்க மடத்துத் தலைவரா?"

சிரித்துக்கொண்டே சாப்பிடக் கூட்டிப் போனான். ஒருவர் புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். பருப்பு வந்தது. எதிரே இருந்த துறவி நெற்றியில் மூன்று விரல் வைத்தான். ததேயு தோள் குலுங்கச் சிரித்தான்.

அது நான் உண்டாக்கிய சாடை. பெண்டாட்டியை இன்னொருத்தனோடு பார்த்தவன் மாதிரி எழுந்தேன். கை கழுவாமல் பஸ் ஏறினேன்.

அந்த ஒர்க்‌ஷாப் இப்போது குடோன். கேம்ப்பை இடித்துவிட்டார்கள். ரூமில் இருந்த எட்டுப் பேரில் ஒருத்தன் நம்பரும் என்னிடம் இல்லை. மடம் மட்டும் நிற்கிறது. கிடைத்ததை நூற்றாண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், என் சாடையையா விடப்போகிறார்கள்? அது யாருடையது என்று ததேயு சொல்லியிருக்கமாட்டான். அங்கேதான் பேசக்கூடாதே.