மேல் கோடியிலிருந்து ஐந்தாவது

பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்யும் என் மகள் பகலில் ஒரு படம் அனுப்பினாள். வானத்திலிருந்து எடுத்த தெருப் படம். ஒரு கட்டடத்துக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தது. அதில் ஆயுதம் இருக்கிறது, குண்டு போடப் போகிறோம், வெளியேறுங்கள் என்று தாக்க வரும் படையின் எச்சரிக்கை. வீட்டுக்காரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். இவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள்.

தெரணியகலை ஊருக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியடியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். தெருவில் ஏழு கட்டடங்கள். கீழே பெரிய ரோட்டிலிருந்து மூன்றாவதுக்குத்தான் சிவப்பு.

"ஒங்க கட்டடம் எத்தனாவதும்மா?" என்று அவளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அஞ்சாவதுங்கப்பா. பால்கனியில நின்னு எண்ணிட்டேன்."

மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. நம் நாட்டில் சண்டை நடந்த காலத்தில், தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்களான எங்களைக் கூட்டிப் போர்ச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயுதம் வைத்த இடத்தைத் தாக்கலாம். ஆனால் சாகக்கூடிய பொதுமக்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். எச்சரித்த பிறகும் உள்ளே தங்கிப்போனவர் பொதுமக்களில் ஒருவர்தான், தாக்கும் குறியல்ல.

"வாத்தியார் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். "இந்த வீட்ல நான் இருக்கிறது யாருக்குங்கப்பா தெரியும்? என்னைய எந்தக் கணக்குல சேப்பாங்க?"

பதில் தேடும்போதுதான் அந்தத் தெரு மலைச்சரிவில் இருப்பதாக அவள் முன்பு சொன்னது உறைத்தது.

"ஏம்மா, எந்தக் கோடியில இருந்து எண்ணின?"

"மேக்கோடிதான். நம்ம லயத்துல எண்ணுற மாதிரி."

லயத்து வரிசை வீடுகளின் காம்பரா அறைகளை நாங்கள் மேல் கோடியிலிருந்துதான் எண்ணுவோம். ஏழில் மேலிருந்து ஐந்தாவது, கீழிருந்து மூன்றாவது. திரும்பவும் எண்ணினேன். மாறவில்லை.

"அந்தச் செவப்பு ஒன் கட்டடம்தான், புள்ள. கதவ ஒடை!"

அவள் அழவில்லை. போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவுப் பூட்டில் ஏதோ இரும்பு மோதும் சத்தம். ஒவ்வொரு அடியையும் எண்ணினேன், எண்ணாமல் நிற்க முடியவில்லை. பதினெட்டில் மரம் பிளந்தது. செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. அவள் போனை எடுத்துப் போகவில்லை. ஆளில்லாத அந்த வீட்டைக் காதில் வைத்துக்கொண்டு தொட்டிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன். பிறகு லைன் அறுந்தது.

மறுநாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து பேசினாள். காலில் கண்ணாடி குத்தியதாம், வேறொன்றுமில்லையாம்.

"குண்டு போட்டது ஆளெல்லாம் வெளியேறின கட்டடத்துலன்னு நியூஸ்ல சொல்றாங்கப்பா."

"சரிம்மா. நீ வெளிய வந்துட்டியே."

"மேல் மாடியில இன்னொரு வேலைக்காரப் புள்ள இருந்துச்சு. நான் எறங்கயில அதுவும் உள்ள இருந்து கதவத் தட்டிக்கிட்டு இருந்துச்சு."

போனில் அந்தப் படத்தைத் திறந்து, சிவப்புக்குள் அந்தப் பிள்ளையை ஒன்று என்று எண்ணினேன்.